ராணி சார்லட்டின் அரண்மனையில் எழுத்தாளப் பெண்கள்: கிடைத்தது என்ன, போனது என்ன?

மலர்விழி

இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட்டைப் பற்றி இப்போது எங்கும் பேச்சு. ஆனால் எல்லாம் விக், நகை, காதல் என்றே ஓடுகிறது. இந்த இழையில் வேறொன்றைப் பேசலாம். 1761இல் கல்யாணமாகி 1818இல் சாகும்வரை அந்த அம்மாளைச் சுற்றி எழுதும் பெண்கள் இருந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்: ஃபேனி பர்னி, மேரி டெலனி, சாரா டிரிம்மர், எலிசபெத் கார்ட்டர், கார்னீலியா நைட். ஒரு பக்கம் 'கலைகளின் புரவலர்' என்கிறார்கள். இன்னொரு பக்கம், நல்ல நாவலாசிரியை ஒருத்தியை ஐந்து வருஷம் ஊசி குத்தவைத்து வீணடித்தவள் என்கிறார்கள். இரண்டாவதைச் சத்தமாகச் சொன்னவர் மெக்காலே, 1843 ஜனவரி எடின்பரோ ரிவ்யூ இதழில். ஆமாம், நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திட்டு வாங்குகிற அதே மெக்காலேதான்.

கையில் என்ன கிடைத்தது, பதிலுக்கு என்ன போனது என்று விவரமாகத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பொதுவாகப் 'பெரிய ஆதரவு தந்தார்' என்ற வகை வாக்கியங்கள் வேண்டாம்.

கினிக்கணக்கு

பணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பர்னியின் முதல் நாவல் 'எவலினா', 1778, பெயர் போடாமல் வந்தது. பதிப்பாளர் கொடுத்தது 20 கினி. ஒரு கினி என்றால் 21 ஷில்லிங், பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஆக மொத்தம் 21 பவுண்ட். புத்தகம் ஊரெல்லாம் ஓடியது, லாபம் கடைக்காரருக்கு. இரண்டாவது 'செசீலியா', 1782, உரிமைத்தொகை 250 பவுண்ட். இரண்டுக்கும் நடுவில் நாலு வருஷம்.

1786இல் ராணியின் உடையறையில் இரண்டாம் காப்பாளர் வேலை வருகிறது. ஆண்டுச் சம்பளம் 200 பவுண்ட். அரண்மனையில் அறை, சாப்பாடு, வேலைக்கு ஆள், போக்குவரத்துக்கு வண்டி. கல்யாணமாகாத 34 வயதுப் பெண், சொத்து கிடையாது, அப்பா இசை ஆசிரியர். அப்படிப்பட்டவருக்கு இது பெரிய தொகை. மெக்காலே இந்தக் கணக்கைத் தள்ளிவிட்டு 'மேதையை அடிமையாக்கினார்கள்' என்று மேடைப்பேச்சுப் பாணியில் போகிறார்.

ராணி இதைக் கெடுதல் செய்ய நினைத்துக் கொடுக்கவில்லை. லெனர்ட் ஸ்மெல்ட் என்பவரைத் தூதாக அனுப்பித்தான் கேட்டார்கள். அதே வருஷம் அப்பா சார்லஸ் பர்னி அரசவை இசைக்குழுவின் தலைமைப் பதவியை எதிர்பார்த்து, அது வில்லியம் பார்சன்ஸுக்குப் போய்விட்டது. மகளுக்கு இடம் என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுக்கிற நிலையில் மகள் இல்லை.

பழந்தாள்

பணக்கணக்கு சரி சார், ஆனால் நேரக்கணக்கைப் பார்த்தால்தான் மெக்காலே எதற்குக் கத்துகிறார் என்று புரியும். வேலைக்குச் சேர்ந்த ஒரே வாரத்தில் பர்னி தன் நாளை நாட்குறிப்பில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்.

காலை ஆறுக்கு எழுந்து உடுத்திக்கொண்டு மணியோசைக்குக் காத்திருக்க வேண்டும். மணி பெரும்பாலும் ஏழரைக்கு அடிக்கும். மணி அடிக்காமல் போகக்கூடாது. உடையறைப் பணிப்பெண் திருமதி தீல்கி ஒவ்வொரு துணியாக எடுத்துக் கொடுக்க, பர்னி வாங்கி ராணிக்குப் போட்டுவிட வேண்டும். எட்டு வாக்கில் முடியும். ஒன்பதுக்குக் காலை உணவு. பகல் ஒன்றுக்குக் கால் மணி இருக்கையில் பெரிய அலங்காரம் தொடங்கும். வாரத்தில் இரண்டு நாள் முடி சுருட்டும் நாள், அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே. தலைக்குப் பவுடர் போடும்போது உடை பாழாகாமலிருக்க ராணியே பர்னியை வெளியே அனுப்பிவிடுவார். அந்த நேரத்தில் ராணி செய்தித்தாள் படிப்பார். மூன்று மணி வரை இது.

ஐந்துக்குச் சாப்பாடு, மேலதிகாரி திருமதி ஷ்வெல்லன்பெர்கோடு. எட்டுக்கு அரசரின் குதிரைப்படை உதவியாளர்களுக்குத் தேநீர் விருந்தோம்பல். பிறகு பதினொன்று வரை மறுபடி ஷ்வெல்லன்பெர்க், சீட்டாட்டம். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் கடைசி மணி, அரைமணி வேலை, படுக்கை.

மொத்த உடல் உழைப்பைக் கூட்டினால் ஒரு நாளைக்கு நாலு மணிநேரம்தான் வரும். நாள் முழுக்கத் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, எந்தத் துண்டும் இரண்டு மணிநேரம் நிலைக்காமல் போனதில்தான் கேடு. நாவல் எழுதுகிறவருக்கு அது போதாது. அவர் அங்கே எழுதியதைப் பாருங்கள்: நாட்குறிப்பு, கடிதம், செய்யுளில் சில துன்பியல் நாடகங்கள். நாவல் ஒன்றுகூட இல்லை.

செண்பகா

பழந்தாள் சொல்கிற துண்டு நேரத்துக்கு முக்கியக் காரணம் ராணி இல்லை, ஷ்வெல்லன்பெர்க். மெக்லன்பர்க்கிலிருந்து ராணியோடு வந்த ஜெர்மன் பெண்மணி, உடையறையில் முதல் காப்பாளர். கண்ணாடிக் குடுவையில் தவளை வளர்த்தவர். மூக்குப்பொடி டப்பியைத் தட்டினால் அவை கத்தும், அதில் அந்த அம்மாளுக்கு அப்படியொரு சந்தோஷம். 1787 நவம்பரில் ஓடும் வண்டியில் ஜன்னலை மூடவிடாமல் குளிர்காற்றில் உட்காரவைத்து, பர்னியின் கண் வீங்கிப்போனதும் பதிவில் இருக்கிறது. மாலை முழுவதும் துணைக்கு இருக்கவேண்டும் என்பது அந்தம்மாளின் வழக்கமே ஒழிய, வேலை விதியில் உள்ளது அல்ல. விதி அல்ல என்று எடுத்துச்சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

ராணியோ நேரில் பெரும்பாலும் மென்மை. ஆனால் ஷ்வெல்லன்பெர்க்கைத் தட்டிக்கேட்டதாக எங்கும் இல்லை. வீட்டு நிர்வாகத்தில் மூத்த வேலைக்காரியை விட்டுக்கொடுக்காத எஜமானி. எழுத்தாளர் என்பதற்காகத் தனிச்சலுகை என்ற யோசனையே அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

மலர்விழி

அப்படியென்றால் பர்னியை எழுத்தாளர் என்றுதான் எடுத்தார்களா, இல்லையா? மேரி டெலனிக்கு இதில் என்ன பங்கு?

இலைச்சுருள்

டெலனி வழியாகத்தான் எல்லாமே. 1700இல் பிறந்தவர். எழுபதைத் தாண்டியபின் கறுப்புச் சாயம் பூசிய தாளில் வண்ணக் காகிதத்தை இதழ் இதழாக, நரம்பு நரம்பாக வெட்டி ஒட்டிப் பூச்செடிகள் செய்ய ஆரம்பித்தார். ஒரு செடிக்கே நூற்றுக்கணக்கான துண்டுகள் போகும். 985 தாள்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அரச தம்பதி கியூ தோட்டத்திலிருந்து அவருக்குச் செடி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எழுத்து என்றால் அவருடைய கடிதங்கள்தான். இறந்து எழுபது வருஷம் கழித்து 1861–62இல் ஆறு தொகுதிகளாக வந்தன.

1785 ஜூலையில் அவரை ஆதரித்துவந்த போர்ட்லண்ட் சீமாட்டி இறந்துபோனார். ராஜா, அரச மாளிகை இருக்கும் விண்ட்சரில் ஒரு வீடும் ஆண்டுக்கு 300 பவுண்டும் கொடுத்தார். வீட்டில் பாத்திரம், துணி, ஒயின், ஊறுகாய் வரை நிரப்பிவைத்து, உடுதுணியோடு வந்தால் போதும் என்று சொல்லியனுப்பினார். அரையாண்டுக்கு ஒருமுறை 150 பவுண்டை ராணியே கைப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். அலுவலக வழியில் போனால் வரி பிடிப்பார்கள், அதற்காக. சார்லட்டின் ஆதரவு எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை: நிறுவனம் கிடையாது, பட்டியல் கிடையாது, நேரே கைக்குக் கை.

1785 டிசம்பரில் அந்த வீட்டில்தான் பர்னி முதன்முதலாக ராஜாவையும் ராணியையும் சந்தித்தார். ராஜா 'என்ன? என்ன?' என்று கேட்டுக்கேட்டு எவலினாவை எழுதிய கதையைப் பிடுங்கினார். அந்தச் சமயத்தில் பர்னி தன் அக்காவுக்கு எழுதிய கடிதம் படிக்கவேண்டியது. ராஜா ராணி முன்னால் இருமக்கூடாது. தும்மல் வந்தால் மூச்சை அடக்கு, நரம்பு வெடித்தாலும் பரவாயில்லை, தும்மாதே. தலையில் கறுப்புக் கொண்டைஊசி குத்தினால் எடுக்காதே, ரத்தம் வந்தால் வரட்டும். வேலையில் சேர ஏழு மாசம் முன்னால் விளையாட்டாக எழுதியது.

உங்கள் முதல் கேள்விக்கு: எழுத்தாளர் என்பதற்காக எடுத்தார்கள், எழுத்தாளராக வைத்துக்கொள்ளவில்லை. படித்த, நாகரிகமான, டெலனி கையைக்காட்டிய பெண் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற ஆசை. ஓய்வுபெற்றுப் போன ஹேகர்டோர்ன் அம்மாளின் இடம் காலியாக இருந்தது, அதில் வைத்தார்கள்.

பழந்தாள்

இதில் ஒரு பகுதி அடிக்கடி விட்டுப்போகிறது. ராணி, பர்னிக்கும் மற்ற எழுத்தாளப் பெண்களுக்கும் நடுவில் வாசற்காவலாகவும் நின்றார்.

பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் த ஜான்லி 1785இல் இங்கிலாந்து வந்தபோது ராணி வரவேற்றிருக்கிறார். கல்வி பற்றிய அவருடைய புத்தகங்கள் அரண்மனையில் படிக்கப்பட்டவை. அதே ஜான்லி பர்னியோடு கடிதத் தொடர்பு வைக்க ஆசைப்பட்டார். பர்னி ராணியிடம் யோசனை கேட்டார், வேண்டாம் என்று பதில் வந்தது. புத்தகத்தைப் படிக்கலாம், எழுதியவளோடு பழகக்கூடாது. ஆர்லியன்ஸ் கோமகனோடு அந்த அம்மையார் பெயர் அடிபட்டதுதான் காரணம்.

ஜெர்மன் நாவலாசிரியை சோஃபி ஃபன் லா ரோஷ் 1786 செப்டம்பரில் விண்ட்சர் வந்தார். அவரை அழைத்துவந்தவர் ராணிக்கு பிரெஞ்சு வாசிப்பவராக இருந்த மதாம் த லா ஃபீத். லா ரோஷின் நாவலை பிரெஞ்சில் பெயர்த்தவரும் அவரே. இந்தச் சந்திப்பு இரண்டு பக்கத்துப் பதிவிலும் இருக்கிறது என்பதுதான் ருசி. லா ரோஷின் பயணக்குறிப்பில் பர்னி மேல் புகழ்மாலை. பர்னியின் நாட்குறிப்பில் அதே மாலைநேரம் கேலிக்கூத்து: கட்டித்தழுவல், பெருமூச்சு, ராணியைப் பார்க்காமல் கிளம்பமாட்டேன் என்ற பிடிவாதம், சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லலாமா கூடாதா என்ற திண்டாட்டம். தன் அறைக்கு விருந்தாளியைக் கூப்பிடவே அனுமதி வேண்டிய நிலையில் பர்னி இருந்தார் என்பதை அந்தச் சிரிப்புக்கு அடியில் படிக்கவேண்டும்.

1790இல் எழுத்தாளர் பாஸ்வெல் விண்ட்சர் வாசலில் நின்று, தான் எழுதிவந்த அகராதி ஆசிரியர் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றுக்காக ஜான்சன் எழுதிய கடிதங்களைக் கேட்டபோதும் பர்னி கொடுக்கவில்லை.

ராசு நெல்லை

ஹேஸ்டிங்ஸ் வழக்கு விஷயத்தை யாரும் தொடவில்லையே. 1788 பிப்ரவரி 13, வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். இந்தியாவில் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் பாராளுமன்றக் குற்ற விசாரணை தொடக்கம். பர்னிக்கு டிக்கெட் கொடுத்து அனுப்பியதே ராணி. போய்ப் பார்த்துவிட்டு வந்து ராணியிடம் அத்தனையும் சொல்லவேண்டும். வழக்கு நடத்தியவர்களில் ஒருவரான வில்லியம் விண்டம் மேலே ஏறிவந்து பர்னியோடு பேச, அரண்மனைப் பெண் ஹேஸ்டிங்ஸ் பக்கம் வாதாட, அந்தப் பக்கங்கள் நாடகம் மாதிரி ஓடும்.

ராணி அதில் நடுநிலை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஹேஸ்டிங்ஸின் மனைவி மேரியன் விவாகரத்தானவர். மற்ற விஷயங்களில் அவ்வளவு கறாரான ராணி அவரை அரசவையில் ஏற்றுக்கொண்டது அப்போதே வம்புப்பேச்சு. ஷ்வெல்லன்பெர்க்தான் வழி செய்தார் என்று ஊர் பேசியது. நம் பக்கத்து ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா அனுப்பிய வைரங்களும் ராணியிடம்தான் இருந்தன. இந்தியப் பணமும் வைரமும் ராணியைக் கிண்டலடித்த கேலிச்சித்திரங்களில் நிரந்தரக் கருப்பொருள். இறந்தபின் உயிலின்படி ஆற்காட்டு வைரங்கள் விற்பனைக்குப் போயின.

செண்பகா

ராசு அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு பெண் எழுத்தாளர் அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய அரசியல் வழக்கை அவ்வளவு நல்ல இருக்கையிலிருந்து பார்த்து எழுதியதற்குக் காரணம் அரண்மனை வேலை. 1788–89இல் ராஜாவின் மனநிலை பாதித்த மாதங்களும் அப்படியே. கியூவில் ராத்திரி எப்படிக் கழிந்தது என்ற செய்தியைப் பணியாட்களிடம் கேட்டு, காலையில் ராணியிடம் கொண்டுபோனது பர்னி. 1789 பிப்ரவரி 2 அன்று கியூ தோட்டத்தில் ராஜா தன்னைத் துரத்திவந்ததையும் எழுதியிருக்கிறார். வீணான ஐந்து வருஷம் என்கிற மெக்காலே தன் கட்டுரை முழுவதற்கும் தீனி எடுத்தது அந்த ஐந்து வருஷத்துப் பக்கங்களிலிருந்துதானே?

பழந்தாள்

அது பர்னி ரகசியமாக எழுதியது. ராணி கொடுத்ததல்ல.

கினிக்கணக்கு

வேலையை விட்டபின் வந்த உறவுதான் எழுத்துக்கு உண்மையில் உதவியது என்பேன். 1791 ஜூலை 7இல் வெளியே வந்தார், பாதிச் சம்பளம், ஆண்டுக்கு 100 பவுண்ட் ஓய்வூதியம். 1793 ஜூலையில் நாடிழந்து வந்த பிரெஞ்சுத் தளபதி அலெக்ஸாண்டர் தார்ப்ளேயைக் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை கத்தோலிக்கர், கையில் காசில்லை. அந்த 100 பவுண்டை நம்பித்தான் குடும்பம். அவரைக் கட்டியதற்காக ராணி ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவாரோ என்ற பயம் இருந்தது. நிறுத்தவில்லை.

பிறகு 'கமில்லா', 1796, ஐந்து தொகுதி. இந்தமுறை சந்தா முறையில் போட்டார். முறை இதுதான்: புத்தகம் அச்சாகுமுன் அறிவிப்பு, முன்பணம் ஒரு கினி, கொடுத்தவர் பெயர் முதல் தொகுதியில் அச்சாகும். வசூலுக்குச் செல்வாக்கான பெண்கள் வேண்டும்; திருமதி கிரூ, திருமதி பாஸ்கவன், திருமதி லாக் மூவரும் ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொண்டார்கள். ஆயிரத்துக்கு மேல் பெயர்கள் சேர்ந்தன. 'மிஸ் ஜே. ஆஸ்டன், ஸ்டீவன்டன்' என்று ஒரு பெயரும் அதில் உண்டு. பின்னாளில் பேர்போன நாவலாசிரியை ஜேன் ஆஸ்டன்தான்; அப்போது அவருக்கு வயது இருபது, ஒரு புத்தகமும் வெளிவரவில்லை. உரிமைத்தொகை தனியாக 1,000 பவுண்ட். அந்தப் பணத்தில் சர்ரேயில் வீடு கட்டினார்கள், பெயரே கமில்லா காட்டேஜ்.

இதில் ராணியின் பங்கு சமர்ப்பணம். சமர்ப்பணத்தை இஷ்டத்துக்குப் போட முடியாது, முன்கூட்டி அனுமதி வாங்கவேண்டும். அனுமதி கிடைத்தது என்று தெரிந்தாலே சந்தாதாரர்கள் வரிசையில் நிற்பார்கள். ராணியின் பெயர் ஒரு பக்கத்தில் இருப்பதன் சந்தை மதிப்பு, கொடுத்த அன்பளிப்பைவிடப் பல மடங்கு. அன்பளிப்பு 100 கினி, ராஜா 50 ராணி 50.

புத்தகத்தை விண்ட்சருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ராஜா கேட்டாராம், அச்சுப்படி திருத்தியது யார் என்று. நான்தான் என்றார் பர்னி. எழுதியவரே திருத்தக்கூடாது என்று சில ஆசிரியர்கள் தன்னிடம் சொல்லியிருப்பதாக ராஜா சொன்னார்: எது இருக்கவேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிவதால், எது இருக்கிறது என்று கண்ணில் படாமல் ஓடிவிடுவார்களாம். மனநோயாளி ராஜா என்று மட்டும் அறிந்தவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

மலர்விழி

டிரிம்மர், கார்ட்டர் பற்றி?

இலைச்சுருள்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆழம் குறைவு. சாரா டிரிம்மர் 1786இல் பிரென்ட்ஃபோர்டில் ஞாயிறு பள்ளி தொடங்கினார். அந்த வருஷக் கடைசியில் ராணி விண்ட்சருக்கு வரவழைத்து, அங்கேயும் அப்படி ஒன்று நடத்துவது எப்படி என்று கேட்டறிந்தார். அடுத்த ஆண்டு டிரிம்மர் ஏழைப்பிள்ளைக் கல்வி பற்றிப் பெண்களுக்கான கையேடு ஒன்றை வெளியிட்டார். எழுத்தாளராக அல்ல, ஆலோசகராகக் கூப்பிட்ட உறவு. பார்க்கப்போனால் ராணிக்கு மிக இயல்பாக வந்த உறவும் இதுதான். பதினைந்து பிள்ளை பெற்றவர், கல்விதான் அவர் பேச விரும்பிய பொருள்.

எலிசபெத் கார்ட்டர், எபிக்டீட்டஸ் என்ற பழைய தத்துவ ஞானியின் நூலை கிரேக்கத்திலிருந்து பெயர்த்தவர், 1758, அதுவும் ஒரு கினி சந்தா. கிட்டத்தட்ட 1,000 பவுண்ட் சம்பாதித்தார், ராணியை அண்டவேண்டிய தேவை இருக்கவில்லை. 1791இல் செல்சியில் கிரெமோர்ன் சீமாட்டி வீட்டில் ராணி விரும்பிக் கேட்டுச் சந்தித்தார். கார்ட்டருக்கு அப்போது 73. கௌரவமான ஒரு மாலைநேரம், அவ்வளவே. ராணியிடம் எதுவும் தேவைப்படாதவரோடு ராணியின் உறவு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று பாருங்கள்.

பழந்தாள்

மூலங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இணையத்தில் எல்லோரும் 1842–46இல் வந்த பர்னி நாட்குறிப்பின் ஏழு தொகுதிப் பதிப்பையே எடுத்து ஒட்டுகிறார்கள். அது பர்னியின் தங்கை மகள் சார்லட் பாரெட் தொகுத்தது. அதற்கும் முன்னால் பர்னியே வயதான காலத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக மை பூசி அடித்திருக்கிறார், கிழித்திருக்கிறார். பாரெட்டும் பதிப்பாளரும் மேலும் வெட்டினார்கள். ராணியைப் பற்றிய முணுமுணுப்பு, உயிரோடிருந்தவர்கள் பற்றிய கிண்டல் இவைதான் முதலில் போனவை. ஆகவே அந்தப் பதிப்பில் ராணி 'இனிய ராணி' என்று வருவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். 1786–1791 அரண்மனைக் காலத்துக்கு ஆக்ஸ்ஃபோர்ட் ஆறு தொகுதிப் பதிப்பு (பீட்டர் சேபர் பொதுப் பதிப்பாசிரியர்), அதற்குப் பிந்தியதற்கு ஜாய்ஸ் ஹெம்லோ தொடங்கிய பன்னிரண்டு தொகுதி. அடித்த வரிகளில் மீட்க முடிந்ததை மீட்டுப் போட்டிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கம் பார்க்க டெலனி கடிதங்கள். ஆனால் அதைப் பதிப்பித்த லானோவர் சீமாட்டி டெலனி வழி உறவுக்காரர்; பர்னி மேல் கடுப்பு, அடிக்குறிப்பு முழுக்க அது தெரியும். மூன்றாவது சாட்சி சார்லட் பேப்பன்டீக், ராணியின் உடையறையில் இருந்தவர். எழுத ஆரம்பித்தது 1833, அச்சில் வந்தது 1887. ஐம்பது வருஷ ஞாபகம் என்பதால் தேதிகளை நம்பவேண்டாம், வீட்டுச் செலவு, உடை, சம்பளம் இவற்றுக்கு நல்லது. ராணியின் சொந்த நாட்குறிப்பு 1789, 1794 இரண்டு வருஷத்துக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ராணி என்ன புத்தகம் வைத்திருந்தார் என்பதற்கு 1819 ஜூனில் கிறிஸ்டி ஏலம்போட்ட பட்டியல் இருக்கிறது; தலைப்பில் ராணி பெயர் இராது, 'அண்மையில் மறைந்த சிறப்புமிக்க ஒருவர்' என்றுதான் இருக்கும், தேடும்போது அதனாலேயே தவறவிடுவார்கள்.

செண்பகா

கார்னீலியா நைட்டை யாரும் எழுதவில்லை. 'டினார்பஸ்' (1790), 'மார்கஸ் ஃபிளமினியஸ்' (1792) எழுதியவர். நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதர் ஹாமில்டன் குடும்பத்தோடும் கடற்படைத் தளபதி நெல்சனோடும் இருந்து, 1800இல் ஊர் திரும்பினார். 1805இல் ராணி ஆண்டுக்கு 300 பவுண்டில் துணையாக அமர்த்தினார். பர்னியிடம் கற்ற பாடமோ என்னவோ, இந்தமுறை ஊசி, பவுடர், மணியோசை கிடையாது. வாசிப்பது, பேசுவது, விண்ட்சரில் தனி வீடு. விண்ட்சருக்குப் பக்கத்தில் ஃப்ராக்மோர் மாளிகையில் ராணிக்கு ஒரு சிறு அச்சகம் இருந்தது, நூலகர் எட்வர்ட் ஹார்டிங் பொறுப்பு. நைட் ஜெர்மனிலிருந்து பெயர்த்தவை 1812இல் அங்கே அச்சாயின, கைக்குக் கை கொடுக்க மட்டும் கொஞ்சம் பிரதிகள். எழுதும் பெண்ணை எழுதும் பெண்ணாகவே வைத்திருந்த ஒரே ஏற்பாடு இது.

அதுவும் 1813 ஜனவரியில் உடைந்தது. பேத்தி இளவரசி சார்லட்டுக்குத் துணையாக நைட்டை அனுப்பும்படி ராஜப்பிரதிநிதி (ராஜாவுக்குப் பதிலாக ஆண்ட மூத்த மகன்) கேட்டார், நைட்டும் போக விரும்பினார். ராணிக்குக் கடுங்கோபம். அதற்கு அடுத்த வருஷம் ஜூலையில் இளவரசியின் வீட்டாட்கள் எல்லோரையும் ராஜப்பிரதிநிதி ஒரேயடியாக விரட்டியபோது நைட்டும் போனார். பர்னி 1790 டிசம்பரில் உடம்பு முடியவில்லை என்று விலகல் மனு கொடுத்து, ஜெர்மனியிலிருந்து மாற்றாள் வந்து சேரும்வரை ஏழு மாசம் மணியோசைக்கு எழுந்தார். நல்லபடியாகப் போனதால் ஓய்வூதியம். நைட் தன் விருப்பம் என்று சொல்லிப் போனார், ராணியின் தயவு போயிற்று. 1861இல் வந்த நைட்டின் சுயசரிதையில் இந்த 1813 பக்கங்களையும், பர்னியின் விலகல் மாதங்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள் மலர்விழி. உங்கள் முதல் கேள்விக்கு மெக்காலேயைவிட அவை உதவும்.